சின்ன நாய்க்கு எந்த பெல்ட்? பயிற்சி தொடங்கும் முன் வேலூர் பக்கம் கேட்கப்படும் கேள்விகள்

சத்துவாச்சாரி, காட்பாடி, பாகாயம் என்று எங்கே போனாலும் இப்போது வீட்டுக்குள் வளர்க்கும் சின்ன நாய்கள் பெருகிவிட்டன. பாமரேனியன், பக், ஷிட்சூ, டாஷ்ஹண்ட், லாசா, தெருவில் இருந்து எடுத்து வளர்க்கும் நாட்டுக் குட்டிகள். ‘உட்கார்’, ‘நில்’, ‘வா’ என்று சொல்லித்தர ஆரம்பிக்கும்போது கழுத்தில் எதை மாட்டுவது என்ற கேள்விதான் முதலில் வருகிறது. கீழே உள்ள பதில்கள் சுமார் பத்து கிலோவுக்கு உட்பட்ட நாய்களுக்கானவை. லாப்ரடார், ராஜபாளையம் வைத்திருப்பவர்களுக்கு இதில் பலதும் அப்படியே பொருந்தாது.

நேரமில்லை, ஒரே வரியில் சொல்லுங்கள். எதை வாங்குவது?

இரண்டு வாங்குங்கள். பெயரும் போன் நம்பரும் தாங்க லேசான, தட்டையான நெக் பெல்ட் ஒன்று. லீஷ், அதாவது கையில் பிடித்து நடத்தும் நாடா, மாட்டுவதற்கு நெஞ்சைச் சுற்றி வரும் பாடி பெல்ட் ஒன்று. கடைகளில் அதை ஹார்னஸ் என்றும் சொல்வார்கள். நெக் பெல்ட்டில் லீஷ் மாட்டி நடத்தவோ பயிற்சி கொடுக்கவோ வேண்டாம்.

பெரிய நாய்களை எல்லாம் நெக் பெல்ட்டில்தானே பிடித்துப் போகிறார்கள்? சின்ன நாய்க்கு மட்டும் ஏன் கூடாது?

முதல் காரணம் மூச்சுக்குழாய். நாயின் மூச்சுக்குழாயைத் திறந்து வைத்திருப்பவை வரிசையாக அமைந்த குருத்தெலும்பு வளையங்கள். அவை முழு வட்டம் இல்லை. ஒரு பக்கம் திறந்திருக்கும், அந்த இடைவெளியை மெல்லிய சவ்வு மூடியிருக்கும். பாமரேனியன், ஷிட்சூ, சிவாவா, யார்க்‌ஷயர் டெரியர் போன்ற சின்ன இனங்களில் வயது ஏற ஏற இந்த வளையங்கள் வலுவிழந்து, குழாய் தட்டையாக அமுங்கும் நோய் அதிகம். அப்போது வறட்டு இருமல் வரும், வாத்து கத்துகிற மாதிரி ஒரு சத்தத்தோடு. நோயை உண்டாக்குவது பெல்ட் இல்லை, பிறவிக் கூறு அதில் பெரிய பங்கு. ஆனால் ஏற்கெனவே பலவீனமான குழாயை ஒவ்வொரு இழுப்பும் இன்னும் அழுத்துகிறது. உங்கள் நாய்க்கு அந்தப் பலவீனம் இருக்கிறதா என்பது குட்டியில் தெரியாது. அதனால்தான் எல்லாச் சின்ன நாய்க்கும் முன்கூட்டியே கழுத்தை விட்டுவிடச் சொல்கிறேன்.

அடுத்தது கண். பக், ஷிட்சூ, லாசா மாதிரி தட்டை மூஞ்சி நாய்களுக்குக் கண்குழி ஆழம் குறைவு, கண் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். நெக் பெல்ட்டை எதிர்த்து நாய் இழுக்கும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறுகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். பாடி பெல்ட்டில் இழுக்கும்போது அப்படி ஏறவில்லை. இந்த நாய்களில் கழுத்தைப் பலமாக இறுக்கினால் கண் குழியை விட்டு வெளியே வந்துவிடும் ஆபத்தும் உண்டு.

டாஷ்ஹண்டுக்கு முதுகெலும்பு. அந்த நீள உடம்பில் தண்டுவடத் தட்டு விலகும் நோய் மிகவும் சகஜம். முதுகில் மட்டுமல்ல, கழுத்திலும் வரும்.

கடைசியாக ஒன்று, பலர் யோசிக்காதது. உங்கள் கை இடுப்பு உயரத்தில் இருக்கிறது, நாயின் கழுத்து உங்கள் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே. லீஷ் பின்னோக்கி இழுப்பதில்லை, மேல்நோக்கித் தூக்குகிறது. லாப்ரடாரை ஒரு சுண்டு சுண்டினால் அது திரும்பிப் பார்க்கும். மூன்று கிலோ பாமரேனியனை அதே வேகத்தில் சுண்டினால் முன்னங்கால் இரண்டும் தரையை விட்டு எழும்பும், மொத்த எடையும் தொண்டையில் தொங்கும். சுண்டுகிறவருக்கு அது பெரிய இழுப்பாகவே தெரியாது.

அப்படியானால் நெக் பெல்ட்டே எதற்கு?

நாய் தொலைந்தால் வீடு வந்து சேர. போன் நம்பரைப் பட்டையிலேயே தைத்துக்கொள்வது நல்லது. ஆடுகிற வில்லை வேண்டுமானால் சின்னதாக இருக்கட்டும். வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்ட விவரத்தையும் சேர்த்துக்கொண்டால், நாயைக் கண்டெடுத்தவர் பயமில்லாமல் தொடுவார்.

எவ்வளவு அகலம், எவ்வளவு எடை?

ஐந்து கிலோவுக்குக் கீழ் உள்ள நாய்க்கு ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் அகலம் போதும். ரொம்ப மெல்லிய கயிறு மாதிரி இருந்தால் அறுக்கும், ரொம்ப அகலமாக இருந்தால் தலையைக் குனிய விடாது.

எடையைக் கையில் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். பித்தளைக் கொக்கி, குண்டு குண்டாக ஸ்டட், பெயர்ப் பலகை எல்லாம் சேர்ந்து 200 கிராம் வந்துவிட்டால், மூன்று கிலோ நாய்க்கு அது 60 கிலோ ஆள் கழுத்தில் நான்கு கிலோ தொங்குவதற்குச் சமம். இரும்புச் சங்கிலியைச் சின்ன நாய்க்கு நான் எந்த நிலையிலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். எடை ஒரு பக்கம், வேலூர் வெயிலில் கொஞ்ச நேரம் கிடந்த சங்கிலி தோலில் பட்டால் சுடும்.

அளவு எப்படி எடுப்பது?

டெய்லர் டேப் போதும். கழுத்தின் நடுவில், முடியை அமுக்காமல் ஆனால் தோலை ஒட்டி அளந்துகொள்ளுங்கள். பாமரேனியனுக்கு முடி அடர்த்தி என்பதால் கண் மதிப்பில் வாங்குவது எப்போதும் பெரிதாகிவிடும். மாட்டிய பிறகு உங்கள் ஆள்காட்டி விரல் பட்டைக்குள் தட்டையாக நுழைந்து சுற்றி வர வேண்டும். இரண்டு விரல் என்கிற பொதுக்கணக்கு பெரிய நாய்க்குச் சரி. நான்கு கிலோ நாய்க்கு இரண்டு விரல் விட்டால், அது பின்னால் நகர்ந்து ஒரு உதறலில் தலையை உருவிக்கொண்டு போய்விடும். பக் நாய்க்குக் கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே சுற்றளவு, அதற்கு நெக் பெல்ட் கழலாமல் நிற்பதே கஷ்டம்.

பாடி பெல்ட்டுக்கு முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சின் பெரிய சுற்றளவை அளக்க வேண்டும். குட்டியாக இருந்தால் வாரம் ஒருமுறை பார்த்துத் தளர்த்துங்கள். சின்ன இனங்கள் பத்துப் பன்னிரண்டு மாதத்தில்தான் முழு அளவுக்கு வரும்.

பாடி பெல்ட்டில் எத்தனையோ மாதிரி இருக்கிறதே, எதை எடுப்பது?

முன்பக்கம் இருந்து பார்த்தால் ஆங்கில ‘ஒய்’ எழுத்து மாதிரி இருக்க வேண்டும். பட்டை தொண்டையில் இல்லாமல் நெஞ்செலும்பில் உட்கார வேண்டும். தோளுக்குக் குறுக்கே படுக்கையாக ஒரு பட்டை ஓடும் மாடல் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். அதில் முன்னங்கால் முழுதாக நீள முடியாது, நாய் தத்தித் தத்தி நடக்கும்.

கைக்கும் நெஞ்சுக்கும் இடையில், அதாவது அக்குள் பகுதியில், பட்டை உரசக் கூடாது. அங்கே தோல் மெல்லியது, வியர்வைக்கட்டி மாதிரி சிவந்து போகும். மாட்டிய பிறகு நடக்கவிட்டு, கழற்றி, முடியை விலக்கிப் பாருங்கள். சிவப்பு இருந்தால் அந்த அளவு சரியில்லை.

பஞ்சு வைத்துத் தைத்த சட்டை மாதிரி மாடல்கள் பார்க்க அழகு. நம் ஊர் ஏப்ரல், மே மாதத்தில் அவை உடம்புச் சூட்டை வெளியே விடாது. வலைத் துணி எடுங்கள், அல்லது வெறும் நாடாப் பட்டைகள் மட்டும் உள்ளதை எடுங்கள்.

லீஷ் மாட்டும் வளையம் முதுகில் ஒன்றும் நெஞ்சில் ஒன்றும் இருப்பது நல்லது. இழுத்துக்கொண்டே போகும் பழக்கமுள்ள நாய்க்கு நெஞ்சு வளையத்தில் மாட்டினால், இழுக்கும்போது உடம்பு உங்கள் பக்கம் திரும்பிவிடும். அமைதியாக நடக்கும் நாய்க்கு முதுகு வளையமே போதும். முதுகில் துணிப்பிடி ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. தெருநாய்கள் கூட்டமாக வரும்போது ஒரு கையால் பிடியைப் பிடித்து, மறுகையை நெஞ்சுக்கு அடியில் கொடுத்துத் தூக்கிவிடலாம். நம் தெருக்களில் இது அடிக்கடி தேவைப்படும்.

பாடி பெல்ட் போட்டால் நாய் இன்னும் அதிகமாக இழுக்கும் என்கிறார்களே?

கழுத்தில் வலி இல்லாததால் இழுக்கத் தயங்காது, அது உண்மை. ஆனால் நாய் இழுப்பதற்குக் காரணம் பெல்ட் அல்ல. இழுத்தால் வேண்டிய இடத்துக்குப் போக முடிகிறது என்று அது கற்றுக்கொண்டதுதான் காரணம். அந்தப் பாடத்தை மாற்றிவிட்டால் எந்த பெல்ட்டிலும் ஒழுங்காக நடக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். லீஷ் விறைத்தால் நின்றுவிடுங்கள். திட்டாதீர்கள், பின்னால் இழுக்காதீர்கள், சும்மா நில்லுங்கள். நாய் திரும்பிப் பார்த்தோ ஒரு அடி பின்வாங்கியோ லீஷ் தொய்ந்ததும் ‘குட்’ என்று சொல்லி உடனே நடக்க ஆரம்பியுங்கள். உங்கள் காலுக்குப் பக்கத்தில் வந்தால், வேகவைத்த கோழியில் ஒரு துணுக்கு. அந்தத் துணுக்கு பட்டாணியில் பாதி இருந்தால் போதும், சின்ன வயிறு. முதல் சில நாட்கள் வீட்டு வாசலில் இருந்து தெருமுனைக்குப் போகவே நேரமாகும். பரவாயில்லை. அந்தப் பொறுமையைப் பாதியில் விட்டவர்கள்தான் அப்புறம், சுண்டினால் கழுத்தை இறுக்கும் சோக் செயின் தேடிப் போகிறார்கள்.

கூலிக்காகக் கொடுக்கும் தீனியில் வெங்காயம், திராட்சை, சாக்லெட் மூன்றும் கூடவே கூடாது. வீட்டில் மிஞ்சின பிரியாணிக் கறியில் வெங்காய மசாலா ஒட்டியிருக்கும், அதையும் தவிர்த்துவிடுங்கள்.

சோக் செயின் போட்டுத்தான் பயிற்சி தருவேன் என்கிறார் பயிற்சியாளர். அவருக்கு அனுபவம் அதிகம். என்ன செய்வது?

வேறு பயிற்சியாளரைத் தேடுங்கள். இதில் நான் நடுவில் நிற்கத் தயாராக இல்லை.

சோக் செயின் காவல் வேலைக்கான பெரிய நாய்களைப் பழக்குவதற்குக் கையாளப்பட்ட முறையில் இருந்து வந்தது. சுண்டியதும் இறுகி, விட்டதும் தளர வேண்டும் என்பது அதன் கணக்கு. தலைகீழாக மாட்டினால் விட்டாலும் தளராது. சரியாக மாட்டினாலும் எவ்வளவு இறுக வேண்டும் என்பதற்கு அதில் எல்லை கிடையாது. பாமரேனியன் கழுத்தில் அதற்கு இடமில்லை. உள்ளே முள் முள்ளாக இருக்கும் பெல்ட்டும், கரண்ட் அடிக்கும் பெல்ட்டும் அதே வரிசைதான். கரண்ட் பெல்ட்டை வேல்ஸ் நாட்டில் 2010-லேயே தடை செய்துவிட்டார்கள்.

‘அடி இல்லாமல் நாய் படியாது’ என்று சொல்பவர்கள் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. நாய் ஒரு குழந்தையைப் பார்த்து ஆர்வமாக முன்னே போகும் நேரத்தில் கழுத்தில் வலி வந்தால், அந்த வலியை அது தன் தவறோடு இணைப்பதில்லை. அப்போது கண்ணெதிரே இருந்த குழந்தையோடு இணைத்துக்கொள்ளும். பிறகு குழந்தைகளைக் கண்டால் உறுமும். ‘சின்னதிலிருந்து பழக்கினோம், திடீரென்று கடிக்க வந்தது’ என்ற கதைகளில் பலவற்றுக்குப் பின்னால் இப்படி ஒரு பயம் இருக்கிறது. கட்டளைக்குக் கீழ்ப்படிய வைப்பதுதான் நோக்கம் என்றால், பயப்படும் நாய் ஒழுங்காகக் கற்காது. உடம்பு விறைத்து நிற்கும், அதைப் பணிவு என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

மூஞ்சியில் மாட்டும் ஹெட் காலர் பரவாயில்லையா?

தட்டை மூஞ்சி நாய்க்கு அது நிற்கவே நிற்காது. மற்ற சின்ன நாய்களுக்கும் ஓடும் வேகத்தில் தலை சடாரென்று திரும்பினால் கழுத்துக்குக் கேடு. வேண்டாம்.

ஆம்பூரில் தோல் பெல்ட் அளவு கொடுத்துச் செய்து வாங்கலாமா?

தாராளமாக. பழைய வட ஆற்காட்டின் பெருமைகளில் ஒன்று அது. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் 2019-இல் வேறு மாவட்டங்களுக்குப் போனாலும், பேர்ணாம்பட்டு இன்னும் வேலூரில்தான் இருக்கிறது. தோல் வேலை தெரிந்த ஆட்களுக்கு இந்தப் பக்கம் பஞ்சமில்லை. ரெடிமேடில் கிடைக்காத எட்டு இஞ்ச் கழுத்துக்குக்கூட அளவாகச் செய்துவிடலாம்.

எந்தத் தோல் என்று கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்துவது இந்த மண்ணின் பழைய முறை. அப்படிப் பதப்படுத்திய தோல் உறுதியானது, பழகப் பழக உடம்புக்கு ஏற்ப வளையும். ஆனால் தண்ணீரை உறிஞ்சும், நனைந்து காய்ந்தால் விறைக்கும். குரோம் போட்டுப் பதப்படுத்திய தோல் மிருதுவானது, ஈரத்தையும் ஓரளவு தாங்கும். சின்ன நாய்க்கு வெளியே எது இருந்தாலும், உள்பக்கம் மெல்லிய ஆட்டுத்தோல் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். ஓரங்களை மழுக்கச் சொல்லுங்கள். கூரான ஓரம்தான் முடியை அறுக்கிறது. சாயத்தையும் பாருங்கள்: ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்து நிறம் ஒட்டினால், வெள்ளை பாமரேனியன் கழுத்தில் அந்தச் சாயம் இறங்கும், சில நாய்களுக்கு அரிக்கவும் செய்யும்.

உருட்டித் தைத்த தோல் பெல்ட் முடி சிக்காமல் இருக்க நல்லது. அது பெயர் வில்லை மாட்ட மட்டும். உருண்டையாக இருப்பதால் இழுக்கும்போது அழுத்தம் ஒரே கோட்டில் இறங்கும்.

குளிப்பாட்டும்போது எந்தத் தோல் பெல்ட்டானாலும் கழற்றிவிடுங்கள்.

உண்ணி பெல்ட்டிலேயே லீஷ் மாட்டலாமா?

கூடாது. அது மருந்து, பிடித்து நடத்துவதற்கான பட்டை இல்லை. நாய் சிக்கிக்கொண்டால் அறுந்துபோகும்படி சில பிராண்டுகளில் வேண்டுமென்றே செய்திருப்பார்கள். நம் பக்கம் உண்ணிக் காய்ச்சல் அதிகம் என்பதால் உண்ணித் தடுப்பு அவசியம்தான். ஆனால் குட்டியின் வயது, எடை இரண்டையும் அட்டையில் பார்த்து, டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். வீட்டில் பூனை இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், நாய்க்கான சில மருந்துகள் பூனைக்கு விஷம்.

திருஷ்டிக்குக் கருப்புக் கயிறு கட்டச் சொல்கிறார் பாட்டி. கட்டலாமா?

பாட்டியின் மனம் நோக வேண்டியதில்லை. கயிற்றைக் கழுத்தில் கட்டாமல் நெக் பெல்ட்டின் வளையத்தில் முடிந்துவிடுங்கள். கழுத்தில் கட்டிய கயிறு குட்டி வளர வளர முடிக்குள் மறைந்து, தோலை அறுத்து உள்ளே புதைந்துவிடும். புண் நாறும்வரை வெளியே தெரியாது. ரப்பர் பேண்டும் அப்படித்தான், குழந்தைகள் விளையாட்டாக மாட்டிவிடுவார்கள். தினம் ஒருமுறை முடிக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்க்கும் பழக்கம் இருக்கட்டும்.

சலங்கைக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கண் பார்வை மங்கிய பெரியவர்கள் இருக்கும் வீட்டில், காலடியில் நாய் வருவது தெரிய லேசான ஒரு மணி உதவும். பயிற்சி நேரத்தில் கழற்றிவிடுங்கள், ஓயாத சத்தத்தில் உங்கள் குரல் அதன் காதில் தனியாக விழாது.

எப்போதெல்லாம் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்?

கூண்டுக்குள் விடும்போது. இரண்டு நாய்கள் சேர்ந்து விளையாடும்போது, ஏனென்றால் ஒன்றின் கீழ்த்தாடை மற்றதன் பெல்ட்டில் மாட்டி இரண்டும் பயந்து முறுக்கிக்கொள்ளும். ஜன்னல் கிரில்லில் ஏறி வேடிக்கை பார்க்கும் நாயைத் தனியாக விட்டுப் போகும்போது.

மொட்டை மாடியிலோ கட்டில் காலிலோ மாடிப்படியிலோ நெக் பெல்ட்டில் கட்டிப்போட்டுப் போகவே கூடாது. கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் குதித்தால் கழுத்தில் தொங்கும். அதோடு, அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் வெகுநேரம் கட்டிவைப்பது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி குற்றமும்கூட.

தீபாவளி, எருது விடும் விழா நேரத்தில் என்ன செய்வது?

வெளியே கூட்டிப் போகாமல் இருப்பதே நல்லது. தை மாதத்தில் கிராமத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும்போது நாயையும் அழைத்துப் போகிறவர்கள், எருது ஓடும் நாளில் அதை உள் அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். கட்டாயம் வெளியே போக வேண்டியிருந்தால் பாடி பெல்ட்டில் லீஷ் மாட்டி, அதே கொக்கியில் இருந்து ஒரு சின்ன நாடாவை நெக் பெல்ட்டுக்கும் இணைத்துவிடுங்கள். நாடா தொய்வாகவே இருக்கட்டும். மிரண்டுபோன நாய் பின்னால் உருவிக்கொண்டு பாடி பெல்ட்டை விட்டு வெளியே வந்தாலும் அது கைவசம் இருக்கும். பாடி பெல்ட் கழலுமா என்பதை மூடிய அறைக்குள் முன்னால் நின்று மெதுவாக இழுத்துப் பார்த்து முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

பாடி பெல்ட் மாட்டினாலே சிலை மாதிரி நின்றுவிடுகிறது.

அவசரப்பட்டுவிட்டீர்கள். முதலில் பெல்ட்டைத் தரையில் போட்டு, பக்கத்தில் தீனி வையுங்கள். அடுத்த நாள் அதன் ஓட்டை வழியாகத் தீனியைக் காட்டித் தலையை அதுவாகவே நுழைக்க வையுங்கள். பிறகு மாட்டி, சாப்பாடு வைத்து, கழற்றுங்கள். வீட்டுக்குள் பழகிய பிறகுதான் லீஷ். தலை வழியாக மாட்டுவதையே வெறுக்கும் நாய்க்குக் காலை உள்ளே வைத்து முதுகில் பூட்டும் மாடல் உண்டு.

லீஷ் எப்படி இருக்க வேண்டும்?

ஐந்து அல்லது ஆறு அடி, லேசான நாடா, சின்னக் கொக்கி. பெரிய நாய்க்கான கொக்கியை மாட்டினால் அது முதுகில் அடித்துக்கொண்டே இருக்கும். பட்டன் அழுத்தினால் நீளும் லீஷ் வேண்டாம். கிரீன் சர்க்கிள் மாதிரி வண்டிகள் பாயும் இடத்தில் நாய் நான்கு மீட்டர் முன்னால் இருந்தால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. அது எப்போதும் விறைப்பாகவே இருப்பதால் தொய்வான லீஷில் நடக்கவும் நாய் கற்றுக்கொள்ளாது.

வெயில் காலத்தில் பயிற்சியை நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். அக்னி நட்சத்திரத்தில் விடியற்காலை மட்டும், மற்ற நேரம் வீட்டுக்குள் ஃபேனுக்கு அடியில். ஐந்து நிமிடப் பயிற்சியே சின்ன நாய்க்கு நிறைய. தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள், உங்களால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. பக், ஷிட்சூ நாய்கள் வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கின்றன, ஏற்கெனவே அவற்றின் மூச்சுப்பாதை குறுகல். தொண்டையில் எந்த அழுத்தமும் வேண்டாம் என்பது இந்த மாதங்களில் உயிர் சம்பந்தப்பட்டது.

எந்த அறிகுறி வந்தால் டாக்டரிடம் ஓட வேண்டும்?

ஈறு, நாக்கு நீலம் பாய்ந்தால், மயங்கி விழுந்தால், கண் பிதுங்கினால், டாஷ்ஹண்ட் பின்னங்காலை இழுத்து நடந்தால் அல்லது கழுத்தைத் திருப்பும்போது கத்தினால் உடனே, அதே நாளில். உற்சாகப்படும்போதும் தண்ணீர் குடிக்கும்போதும் வரும் வறட்டு இருமல் திரும்பத் திரும்ப வந்தால் அந்த வாரத்துக்குள். அதை போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், டாக்டர் முன்னால் நாய் இருமவே இருமாது. மூக்கால் உள்ளிழுத்து ‘கொர் கொர்’ என்று சில நொடிகள் வந்து தானாக நின்றுவிடும் தலைகீழ்த் தும்மல் வேறு. சின்ன நாய்களில் அது சகஜம், பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. இரண்டும் குழம்பும் என்பதற்காகத்தான் வீடியோ.

வீட்டில் ஒருவர் ‘சிட்’ என்கிறார், ஒருவர் ‘உட்காரு’ என்கிறார். பரவாயில்லையா?

ஒரே சொல்லை எல்லோரும் சொல்லுங்கள். எந்த மொழி என்பது நாய்க்குப் பொருட்டில்லை.

பெல்ட்டை எப்போது மாற்றுவது?

தையல் பிரிந்தால், பிளாஸ்டிக் பூட்டு வெயிலில் வெளுத்தோ விரிசல் விட்டோ தெரிந்தால், ‘டி’ வளையத்தின் இணைப்பு விலகியிருந்தால். வெளியே கிளம்பும் முன் பூட்டை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ‘டக்’ என்று சத்தம் வராமல் பூட்டிக்கொள்ளும் பூட்டை நம்ப வேண்டாம், அன்றைக்கே புதிது வாங்கிவிடுங்கள்.